அம்மா வீட்டு ரிமோட்

2022 நவம்பர் 9ஆம் தேதி, உலகம் முழுக்க இருந்த ஸ்லிங்பாக்ஸ்கள் ஒரே நாளில் செத்துப்போயின. பெட்டிகளில் பழுது ஒன்றும் இல்லை. பெட்டி ஒரு ஊரில் இருக்கும், பார்க்கிறவர் வேறொரு ஊரில் இருப்பார். இருவரையும் தேடிப்பிடித்துச் சேர்த்துவைக்க நடுவில் ஒரு சர்வர் இருந்தது. அதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருடம் முன்பே தேதி சொல்லித்தான் செய்தார்கள். யாரும் ஏமாற்றப்பட்டதாகச் சொல்ல முடியாது.

சர்வரை நிறுத்துவது என் தொழிலில் சாதாரணக் காரியம். ஒரு டிக்கெட் போட்டு, இரண்டு பேரிடம் ஒப்புதல் வாங்கி, ஒரு கட்டளை தட்டினால் முடிந்தது. நானே எத்தனையோ நிறுத்தியிருக்கிறேன். மறுமுனையில் யார் இருப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று மதியம் மியூனிக்கில் எங்கள் ஆபீஸ் கேன்டீனில், எதிரே உட்கார்ந்திருந்தவர் பையிலிருந்து ஒரு கருப்புப் பெட்டியை எடுத்துச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், "இன்னைக்கு இதுக்குக் காரியம்ப்பா" என்று வரும். அந்தப் பெட்டி இரண்டு வருடமாகவே எதனோடும் இணைக்கப்படாமல் அவர் அலமாரியில்தான் கிடந்தது. இருந்தாலும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

அவர் கலிபோர்னியாக்காரர். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே வளர்ந்தவர். வேலைக்காக 2006இல் ஜெர்மனி வந்தார், வந்தவர் வந்தவர்தான். ஜெர்மன் பேசுவார், ஜெர்மன் வரி கட்டுவார், ஞாயிற்றுக்கிழமை மலையேறுவார். ஒரு விஷயத்தில் மட்டும் ஊரை விட்டு வரவே இல்லை. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ். பேஸ்பால்.

பேஸ்பால் சீசனை வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அதன் எடை புரியாது. ஐபிஎல் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். பேஸ்பாலில் ஒரு அணி ஆறு மாதத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. கிட்டத்தட்ட தினமும். அதனால் அதை 'மேட்ச் பார்ப்பது' என்று சொல்வதே சரியில்லை. சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்காருவது மாதிரி ஒரு பழக்கம் அது. பாதி நேரம் ஒன்றுமே நடக்காது. பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும், சமையல் நடக்கும், நடுவில் யாராவது போனில் பேசுவார்கள். அப்படிப்பட்ட ஒரு சாயங்காலத்தை ஒன்பது மணி நேரம் தள்ளி இருக்கிற ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது? கேட்க வேடிக்கையாக இருந்தாலும், இந்தக் கேள்விக்கு மனிதர்கள் நூறு வருடமாகப் பதில் தேடியிருக்கிறார்கள்.

முதலில் தந்தி. 1930களில் அயோவா மாநிலத்தில் டெமாய்ன் நகரின் ரேடியோ நிலையம் ஒன்றில் ரொனால்டு ரேகன் என்றொரு இளைஞர் விளையாட்டு அறிவிப்பாளராக இருந்தார். ஆமாம், அதே ரேகன்தான். ஆட்டம் நடப்பது சிகாகோவில். ரேகன் மைதானத்துக்குப் போக மாட்டார். ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் தந்தி ஆபரேட்டர். ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு மூன்று சங்கேத எழுத்துகள் வரும். ஆபரேட்டர் அதைத் துண்டுச் சீட்டில் தட்டி நீட்டுவார். பிட்சர் தொப்பியைச் சரிசெய்வது, வெயில் சாய்வது, கூட்டம் எழுந்து நிற்பது எல்லாவற்றையும் ரேகனே கற்பனையில் உண்டாக்கிப் பேச வேண்டும். ஒருநாள் ஒன்பதாவது இன்னிங்ஸில் தந்தி அறுந்துவிட்டது. "தொடர்பு போய்விட்டது" என்று சொன்னால் கேட்பவர்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்கள். பேஸ்பாலில் ஒரு பந்தை ஃபவுலாகத் தட்டிவிட்டால் பெரிதாக எதுவும் மாறாது, கணக்கிலும் பதியாது. எனவே களத்தில் நின்ற பேட்ஸ்மேனை ரேகன் ஃபவுலுக்கு மேல் ஃபவுலாக அடிக்கவைத்தார். ஆறு நிமிடத்துக்கும் மேல் அப்படியே ஓட்டியதாகப் பின்னாளில் பல மேடைகளில் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறார். தந்தி திரும்ப வந்தபோது பார்த்தால், அந்த பேட்ஸ்மேன் முதல் பந்திலேயே அவுட்.

அயோவாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி வருவேன்.

அடுத்து ராணுவம். 1943 ஜூலை 4ஆம் தேதி லண்டனில் அமெரிக்கப் படைகளுக்கென்று ஒரு வானொலி தொடங்கியது. ஏ.எஃப்.என். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். போர் முடிந்ததும் படையோடு சேர்ந்து ஜெர்மனிக்குள் வந்தது. மியூனிக்கில் 1945 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கியபோது அவர்கள் பிடித்துக்கொண்ட இடம், காவுல்பாக் என்ற ஓவியர் தனக்காகக் கட்டிக்கொண்ட மாளிகை. இன்றும் இருக்கிறது, இப்போது வரலாற்றாய்வாளர்களுக்கான கழகம் ஒன்று அதில் இயங்குகிறது. நான் சைக்கிளில் அந்தத் தெரு வழியாகப் பலமுறை போயிருக்கிறேன். உள்ளே ஒரு காலத்தில் அமெரிக்க ஸ்கோர்கள் வாசிக்கப்பட்டன என்பதற்கு வெளியே இருந்து பார்த்தால் ஒரு தடயமும் தெரியாது.

சிப்பாய்களுக்காக வைத்த வானொலியை ஜெர்மன் இளைஞர்கள் ஒளிந்து ஒளிந்து கேட்டு ஜாஸும் ராக் அண்ட் ரோலும் கற்றுக்கொண்டது தனிக்கதை. நம் கதை அந்தச் சிப்பாய்கள். என் நண்பரின் அப்பா அவர்களில் ஒருவர். 1962 அக்டோபரில் மியூனிக் முகாமில் இருந்தார். அந்த வருட வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டம் சான் பிரான்சிஸ்கோவில். எதிரணி நியூயார்க் யாங்கீஸ். யாங்கீஸ் 1, ஜயன்ட்ஸ் 0. கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஆனால் இரண்டாம் மூன்றாம் பேஸ்களில் ஆள் நிற்கிறார்கள். அடிக்க வந்தவர் வில்லி மெக்கோவி. ஓங்கி அடித்தார். மட்டையில் பட்ட சத்தம் ரேடியோவில் கேட்டதும் முகாமில் ஜயன்ட்ஸ் ஆள்கள் ஜெயித்துவிட்டோம் என்று துள்ளி எழுந்தார்களாம். பந்து நேராக பாபி ரிச்சர்ட்சன் கையில். முடிந்தது. "எங்கப்பா சாகற வரைக்கும் அந்தச் சத்தத்தைப் பத்திப் பேசுவார். பார்த்தவன்கூட மறந்திருப்பான். இவர் கேட்டவர், மறக்கல." ஜயன்ட்ஸ் அதன் பிறகு ஒரு கோப்பையை வெல்ல 2010 வரை ஆனது. அப்பா அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டார்.

ஏ.எஃப்.என். பிற்பாடு டிவியும் ஆனது. அதில் ஒரு விசேஷம்: விளம்பரம் கிடையாது. நிகழ்ச்சிகளை லீக்குகளும் சேனல்களும் இலவசமாகவோ மலிவாகவோ தருவதால், வணிக விளம்பரங்களை வெட்டிவிடுவார்கள். அந்த இடத்தில் ராணுவத்தின் அறிவிப்புகள். குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே, ரகசியத்தைப் பேசாதே, தபால் ஓட்டுப் போட மறக்காதே. சூப்பர் பவுல் ஆட்டத்தை அமெரிக்காவில் பாதிப் பேர் விளம்பரத்துக்காகவே பார்க்கிறார்கள். ஜெர்மனி முகாமில் அதே ஆட்டத்தில் அதே இடைவேளையில் தீயணைப்பான் பயன்படுத்துவது எப்படி என்று ஓடும். அதுவும் ராணுவத்தோடு தொடர்புள்ளவர்களுக்கு மட்டும்தான் டிகோடர். என் நண்பர் மாதிரி சாதா ஆள்களுக்கு இல்லை.

அவர் வந்து இறங்கிய 2006இல்தான் ஸ்லிங்பாக்ஸ் பிரபலமாகிக்கொண்டிருந்தது. அதன் பிறப்பே ஜயன்ட்ஸால்தான். பிளேக் கிரிகோரியன், ஜேசன் கிரிகோரியன் என்று இரண்டு சகோதரர்கள், ஜயன்ட்ஸ் பைத்தியங்கள். 2002இல் அணி வேர்ல்ட் சீரிஸ் வரை போன சீசனில் வேலை விஷயமாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் கேபிளுக்குப் பணம் கட்டியிருக்கிறோம், டிவி சும்மாதான் இருக்கிறது, ஹோட்டல் அறையில் ஏன் பார்க்க முடியவில்லை? இந்த எரிச்சலிலிருந்து பூபென் ஷா என்பவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 2005 ஜூன் கடைசியில் பெட்டி கடைக்கு வந்தது, சுமார் 250 டாலர் விலையில்.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. செட் டாப் பாக்ஸிலிருந்து வரும் படத்தை வாங்கிச் சுருக்கி இன்டர்நெட்டில் அனுப்பும். சேனல் மாற்ற, ரிமோட் போலவே சிக்னல் அடிக்கும் ஒரு குட்டி விளக்கு ஒயரோடு வரும். அதை செட் டாப் பாக்ஸின் மூக்குக்கு நேராக ஒட்டிவைக்க வேண்டும். 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வீடியோ ரெக்கார்டர் வழக்கில், வீட்டில் பதிவுசெய்து பின்னால் பார்ப்பது குற்றமில்லை என்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. நேரத்தை நகர்த்துவது தப்பில்லை என்றால், இடத்தை நகர்த்துவது மட்டும் எப்படித் தப்பாகும் என்பது ஸ்லிங்பாக்ஸ்காரர்களின் வாதம். பேஸ்பால் லீக் தரப்பு இதை ஏற்கவில்லை. அவர்களுக்கு ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக விற்ற நிலம். ரசிகர் ஒருவர் தன் ஊரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவது வரப்பைத் தாண்டுவது மாதிரி. என்னைக் கேட்டால் கிரிகோரியன்கள் பக்கம்தான் நியாயம். என் ஊரை நான் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று யார் சொல்வது?

நண்பர் ஒரு பெட்டி வாங்கி அம்மா வீட்டில் மாட்டிவிட்டு வந்தார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லாத சிக்கல். இருப்பது ஒரே செட் டாப் பாக்ஸ். மியூனிக்கில் மகன் சேனல் மாற்றினால், கலிபோர்னியாவில் அம்மாவின் டிவியிலும் மாறும்.

ஜயன்ட்ஸின் உள்ளூர் இரவு ஆட்டங்கள் அங்கே ஏழேகாலுக்குத் தொடங்கும். மியூனிக்கில் அதிகாலை நாலேகால். அம்மாவுக்கோ ஏழு மணிக்கு ஏழாம் எண் சேனலில் ஜெப்பர்டி. வினாடிவினா நிகழ்ச்சி, ஒருநாள் விடாமல் பார்ப்பவர். முதல் வாரமே, கேள்வி பாதியில் இருக்கும்போது திரை பேஸ்பாலுக்குத் தாவியது. போன் வந்தது. "ஆறாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் போயும் ரிமோட்டுக்குச் சண்டையா?" பிறகு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஏழரை வரை டிவி அம்மாவுக்கு. அதன் பின் மகனுக்கு. ஆட்டம் முடிந்ததும் மகன் ஏழாம் எண்ணுக்கு மாற்றிவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் அவர் வருடக்கணக்கில் ஜயன்ட்ஸின் முதல் இன்னிங்ஸைப் பார்த்ததே இல்லை. சில நாள் சேனலே மாறாது. அம்மா தூசி துடைக்கும்போது அந்தக் குட்டி விளக்கை நகர்த்தியிருப்பார். மகன் போன் போட்டு, "கொஞ்சம் இடது பக்கம்மா, இன்னும் கொஞ்சம்" என்று வழி சொல்வார்.

நான் அந்த வீட்டுக்குள் முதலில் நுழைந்தது 2014 அக்டோபர் 29 இரவு. வேலையில் சேர்ந்து மூன்று வாரம். "கிரிக்கெட் ஊர்க்காரன்தானே, வா" என்று தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம், கான்சாஸ் சிட்டியில். நான் வழக்கமான வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு மணி நேரம் தாமதமாகப் போயிருப்பேன், அவர்தான் எச்சரித்தார். ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பிவிடும். அமெரிக்கா 2007 முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை காத்திருக்கிறது. நடுவில் ஒரு வாரம் ஒன்பது மணி நேரம் எட்டாகிவிடும். புரோகிராமர்களுக்குத் தெரிந்த பழைய பேய் இது. ஜயன்ட்ஸ் 2010, 2012, 2014 என்று மூன்று கோப்பைகள் வென்றது. மூன்றையும் வென்ற இரவு அந்த ஒற்றை வாரத்துக்குள்தான் விழுந்தது. "எங்க டீமுக்கு மட்டும் தனி டைம் ஸோன்" என்பார்.

ஆட்டம் இரவு ஒரு மணிக்குத் தொடங்கியது. லேப்டாப்பில் அம்மாவின் டிவி. பக்கத்தில் போன் ஸ்பீக்கரில் அம்மா. அவர் அன்று ஜெப்பர்டியைத் தியாகம் செய்திருந்தார். அம்மாவுக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி: சத்தம் போடக் கூடாது. ஏனென்றால் ஸ்லிங்பாக்ஸ் வழியாகப் படம் வந்துசேர எட்டு நொடி பிடிக்கும். போனில் குரல் உடனே வந்துவிடும். அம்மா எட்டு நொடி எதிர்காலத்தில் வாழ்பவர்.

ஜயன்ட்ஸ் 3, கான்சாஸ் 2. மேடிசன் பம்கார்னர் என்கிற பிட்சர் இரண்டு நாள் ஓய்வில் ஐந்தாவது இன்னிங்ஸில் வந்து ஒரு ரன்கூட விடாமல் வீசிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். பம்கார்னர் கையை உயர்த்தினார். அதற்குள் போனில் அம்மா மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம். நண்பர் தலையில் கைவைத்துக்கொண்டார். எட்டு நொடி கழித்து எங்களுக்குத் தெரிந்தது: அலெக்ஸ் கோர்டன் அடித்த பந்தைத் தடுக்க முடியாமல் கோட்டைவிட்டார்கள், பந்து சுவர் வரை ஓடியது, கோர்டன் மூன்றாவது பேஸில். இன்னும் ஒரு அடி விழுந்தால் ஆட்டம் சமம்.

அடுத்து சல்வடோர் பெரஸ். பந்துக்குப் பந்து போனைத்தான் பார்த்தோம். பிறகு போனிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. நல்லதா கெட்டதா என்று புரியவில்லை. திரையில் பெரஸ் பந்தை வானத்துக்குத் தூக்கி அடித்தார். பாப்லோ சாண்டோவால் ஓரமாக ஓடிப் பிடித்து அப்படியே தரையில் மல்லாந்தார். நண்பர் கத்தினார். அப்புறம்தான் போனில் அம்மா அழும் சத்தம் கேட்டது. ரிசீவரைத் தலையணைக்கு அடியில் அமுக்கி வைத்திருந்தாராம், மகன் பார்த்து முடிக்கும் வரை.

சட்டப்படி இதெல்லாம் தேவையே இல்லை என்று இப்போது யாராவது சொல்லலாம். 2002 ஆகஸ்ட் 26இல் யாங்கீஸ், ரேஞ்சர்ஸ் ஆட்டத்தை லீக்கே முதன்முதலாக இணையத்தில் நேரலை செய்தது. அடுத்த வருடம் சந்தா முறை வந்தது. அதற்காகக் கட்டிய தொழில்நுட்பம் பின்னர் டிஸ்னி கைக்குப் போய், டிஸ்னி பிளஸ் அதன் மேல்தான் எழும்பியது. இந்தச் சந்தாவை மியூனிக்கில் வாங்கினால் ஜயன்ட்ஸ் ஆட்டம் எல்லாம் தெளிவாகத் தெரியும். சான் பிரான்சிஸ்கோவில் வாங்கியவர்களுக்கு அந்த நாட்களில் நேரலையில் தெரியவில்லை, அது உள்ளூர் சேனலுக்கு விற்ற நிலம். இந்த இடத்தில்தான் அயோவா. அங்கே பெரிய லீக் அணி ஒன்றுகூட இல்லை. ஆனால் சுற்றியுள்ள ஆறு அணிகள் அயோவாவைத் தங்கள் எல்லை என்று கோடு போட்டதால், சந்தா கட்டிய அயோவாக்காரருக்குப் பல வருடங்களாக அந்த ஆறு அணிகளின் ஆட்டமும் நேரலையில் மறுக்கப்பட்டது. ரேகன் தந்தியை வைத்துக்கொண்டு சிகாகோவைக் காட்டிய அதே மாநிலம். ஜெர்மனியில் இருந்தவனால் பார்க்க முடிந்தது, டெமாய்னில் இருந்தவனால் பார்க்க முடியவில்லை.

சரி, நண்பர் ஏன் அந்தத் தெளிவான படத்துக்குப் போகவில்லை? கேட்டேன். சந்தாவில் ஆட்டம் வருகிறது, இடைவேளை வந்தால் 'விளம்பரம் ஓடுகிறது' என்று ஓர் அட்டை வந்து நின்றுவிடுகிறது என்றார். அம்மா டிவியில் அந்த நேரத்தில் மெத்தைக் கடை விளம்பரம் வரும், பாலத்தில் டிராஃபிக் என்று சொல்வார்கள், நாளைக்குப் பனிமூட்டம் என்பார்கள். எனக்குச் சட்டென்று புரிந்தது. என் வீட்டில் சந்தா கட்டி வந்த தமிழ் சேனலில் சீரியல் எல்லாம் அதேதான்; இடையில் மட்டும் பணம் அனுப்பும் கம்பெனி விளம்பரமாகவே வரும். பாத்திரக்கடை ஆடித் தள்ளுபடி ஒன்றையாவது காட்டமாட்டானா என்று நானும் ஏங்கியிருக்கிறேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

அம்மா 2019 வசந்தத்தில் இறந்துபோனார். நண்பர் போய்க் காரியங்களை முடித்து வந்தார். வீட்டை விற்க வேண்டும். தண்ணீர், கேஸ் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. கரண்டும் கேபிளும் மட்டும் நிறுத்தவில்லை. மாதாமாதம் பில் கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு. மூன்று கோப்பைகளையும் வாங்கித்தந்த மேனேஜர் புரூஸ் போச்சியின் கடைசி ஆட்டம் ஜயன்ட்ஸோடு. பகல் ஆட்டம், மியூனிக்கில் இரவு ஒன்பது மணி. அக்டோபர்ஃபெஸ்ட் நடந்துகொண்டிருந்ததால் வெளியே தெருவில் பாடிக்கொண்டு போனார்கள். நானும் போயிருந்தேன். எதிரணி டாட்ஜர்ஸ். 9-0 என்று ஜயன்ட்ஸ் தோற்றது. பார்க்க ஒன்றுமே இல்லாத ஆட்டம். முடிந்த பிறகு பழைய வீரர்கள் எல்லாம் மைதானத்துக்கு வந்து போச்சியை வழியனுப்பினார்கள். அதுவும் முடிந்தது. சேனல் மாற்றாமல் உட்கார்ந்திருந்தோம். ஒரு மெத்தைக் கடை வந்தது. வானிலை வந்தது.

ஆள் இல்லாத வீட்டில், டிவிகூட அணைந்திருக்கும் அறையில், செட் டாப் பாக்ஸுக்கு மட்டும் அந்தக் குட்டி விளக்கு கண்ணடித்துக்கொண்டிருந்திருக்கும். தூசி துடைக்க யாரும் இல்லாததால் விளக்கு நகரவே இல்லை.

மணி ஒன்றைத் தாண்டிவிட்டது, காலையில் ஆபீஸ். நண்பர் லேப்டாப் பக்கம் குனிந்தார். ஞாயிற்றுக்கிழமை ஜெப்பர்டி கிடையாது. ஏழாம் எண்ணை அழுத்தி, சேனல் மாறிவிட்டதா என்று எட்டு நொடி காத்திருந்து பார்த்துவிட்டு, மூடினார்.